முள் காட்டிய கால் டாங்க்

அந்தத் தெருவில் அவருக்கு முள்ளுக்காரர் என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை வங்கியில் மட்டும்தான் கூப்பிடுவார்கள், அதுவும் இரண்டாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் அவருக்கு உறைக்கும். பழைய வண்டிகளின் டேஷ்போர்டில் இருக்கிற மீட்டர்களைப் பழுது பார்ப்பது தொழில். பெட்ரோல் மீட்டர், வெப்ப மீட்டர், சார்ஜ் மீட்டர் என்று எதில் முள் செத்துக் கிடந்தாலும், காரணமில்லாமல் நடுங்கினாலும், வண்டியை அவர் கடை வாசலுக்குத்தான் கொண்டுவருவார்கள். ஆள் பேசுவதும் அப்படித்தான். வளவளவென்று இழுக்க மாட்டார், சுருக்கென்று ஒரு சொல், அதோடு சரி. இந்தப் பெயர் மீட்டரால் வந்ததா வாயால் வந்ததா என்று அவர் மனைவியிடம் கேட்டால் நேரடியாகப் பதில் வராது. சிரித்துவிட்டுத் தையல் மெஷினை மிதிப்பாள்.

கடை என்பது ஒரு நீள அறை. முன்பாதியில் மனைவி வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கிறாள், பின்பாதியில் அவர். நடுவில் சுவர் கிடையாது, ஒரு மேஜைதான். மேஜையின் ஒரு பக்கம் ரெக்சின் துண்டுகள், மறுபக்கம் ஸ்க்ரூ டிரைவர்கள். எல்லைத் தகராறு தினமும் உண்டு. தன்னுடைய பொடி ஸ்க்ரூ அவளுடைய துணிக்குள் போய்விட்டது என்பார் இவர். தன்னுடைய சாக்பீஸை இவர் சுருட்டிவிட்டார் என்பாள் அவள். கேட்கிறவர்களுக்கு இரண்டு பேரும் ஜென்ம விரோதிகள் என்று தோன்றும். மத்தியானம் ஒரே டப்பாவில் கை விட்டுச் சாப்பிடுவார்கள்.

மீட்டர் விஷயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். 'முள்ளு பொய் சொல்லாது' என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் பேச்சு. டாங்கில் மிதவை ஒழுங்காக மிதந்து, ஒயரில் அறுபடாமல் கரண்ட் வந்து, மீட்டரும் நல்லபடியாக இருந்தால் முள் தன் பாட்டுக்கு உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கும், மனுஷன்தான் பார்க்காமல் கோட்டை விட்டுவிட்டு மீட்டர் மேல் பழியைப் போடுவான் என்பது அவர் கட்சி. பெட்ரோல் தீர்ந்து வழியில் நின்றவர்கள் வந்து மீட்டரைக் குறை சொன்னால் ஏற இறங்க ஒரு பார்வை பார்ப்பார். டாங்க் காலி என்பதற்கு மீட்டரில் ஆங்கில எழுத்து ஈ போட்டிருக்கும் அல்லவா, அதை வைத்து ஒரு வார்த்தை சொல்லுவார்.

"முள்ளு ஈ மேல உக்காந்திருக்கும். நீங்க வேற ஈ ஓட்டிக்கிட்டு வந்திருப்பீங்க."

இன்னொரு விசேஷமும் அவருக்கு உண்டு. ஓடுகிற வண்டி அவருக்கு ஒத்துக்கொள்ளாது. இரண்டு தெரு தாண்டினால் தலை சுற்றும், மூன்றாவது தெருவில் குமட்டும். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டுக்குப் பஸ்ஸில் போனபோது புது மனைவியின் மடியில் என்ன நடந்தது என்பதை அவள் இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நடித்துக் காட்டுவாள். நாளெல்லாம் வண்டிக்குள்ளேயே கிடக்கிற மனுஷன், கடைக்கு வருவது சைக்கிளில். நின்ற வண்டியில் மீட்டரைப் பார்ப்பார், நின்ற வண்டியில் சரிசெய்வார், நின்ற வண்டியாகவே ஒப்படைத்துவிடுவார். இத்தனை வருஷத்தில் அதனால் ஒரு குறையும் வந்ததில்லை, சிஸ்டரம்மாவின் வண்டி வரும்வரை.

சிஸ்டரம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டியாயிற்று, முதுகு இன்னும் வளையவில்லை. இளநீல நிறத்தில் ஒரு சின்னக் கார் வைத்திருந்தார். அவர் மகனைவிட அந்த வண்டிக்கு வயசு அதிகம். வேலைக்குப் போனது அதில்தான், கணவர் படுத்த படுக்கையானபோது அவரை ஏற்றி இறக்கியது அதில்தான். மகன் பிறந்த அன்று வலி எடுத்ததும் தானே ஓட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வாசலில் ஒழுங்காகப் பார்க் செய்துவிட்டுத்தான் உள்ளே நடந்தார் என்று ஒரு கதை உண்டு. சிஸ்டரம்மா அதை மறுத்ததில்லை. வண்டியில் ஒரு பொருளைக்கூட மாற்றவிடாமல் வைத்திருந்தார். டேஷ்போர்டில் இருந்த இரண்டு மீட்டர்களும் வண்டியோடு பிறந்தவை.

அந்த வண்டி ஒரு நாள் காலையில், எல்லோரும் வேலைக்கு ஓடுகிற நேரத்தில், பாலத்தின் நடுவில் நின்றுபோனது. பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. யார் யாரோ இறங்கி வந்து திட்டினார்கள், யார் யாரோ தள்ளினார்கள். திறந்து பார்த்தால் டாங்கில் பெட்ரோல் பொட்டுக்கூட இல்லை. கால் டாங்க் காட்டியது என்று சிஸ்டரம்மா சொன்னார். வண்டியை முள்ளுக்காரரிடம் கொண்டுவந்தவர் மகன்.

"அண்ணே, மீட்டரை நல்லா பாருங்க. அம்மா கால் டாங்க் இருந்துச்சுங்கறாங்க. நான் போய் பாக்கும்போது சுத்தமா காலி."

முள்ளுக்காரர் மீட்டர் பலகையின் ஸ்க்ரூக்களைக் கழற்றி முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். டாங்கிலிருந்து வரும் ஒயரைப் பிடுங்கினால் முள் ஈக்கு இறங்கியது. அதையே வண்டியின் இரும்பில் தொடவைத்தால் மேலே கடைசி வரைக்கும் ஏறியது. ஒரு கேனில் பெட்ரோல் வாங்கி வரச் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். ஊற்ற ஊற்ற முள் அளவு தவறாமல் எழுந்தது. அந்தக் காலத்து முள் சாவி போட்டதும் குதிக்காது, சோம்பல் முறித்துக்கொண்டு மெதுவாகத்தான் எழும். இது அழகாக எழுந்தது. அவருக்கே அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

"மீட்டர்ல ஒரு குறையும் இல்ல தம்பி. முள்ளு பொய் சொல்லாது."

மகன் சண்டைக்கு வரவில்லை, தர்க்கம் செய்யவில்லை. கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அப்படியா அண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். போகிறவர் முகம் ஏன் அப்படித் தொங்கிப்போனது என்று முள்ளுக்காரர் யோசிக்கவில்லை. மேஜையில் அடுத்த மீட்டர் காத்திருந்தது.

அடுத்த வாரம் சிஸ்டரம்மா நடந்தே கடைக்கு வந்தார். வெயிலில் வந்த களைப்பு தெரிந்தது. முள்ளுக்காரரின் மனைவி பாதி தைத்த சீட் கவரைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். சிஸ்டரம்மா தண்ணீரைக் குடித்துமுடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.

"நான் சண்டை போட வரல தம்பி. என் பையன் சாவியை வாங்கி பீரோல வச்சு பூட்டிட்டான். அவன் மேல தப்பு இல்ல. போன மாசம் நான் அடுப்பை அணைக்காம வெளிய போயிட்டேன். ஒரு கல்யாண நாளை மறந்துட்டேன். இப்ப இது. அம்மாவுக்கு ஞாபகம் தடுமாறுதுன்னு பயப்படறான். மீட்டர் சரியா இருக்குன்னு நீங்க வேற சொல்லிட்டீங்க."

முள்ளுக்காரர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். மீட்டரைப் பற்றித்தான் அவர் ஒரு வார்த்தை சொன்னார். அது ஒரு அம்மாவின் மண்டையைப் பற்றிய தீர்ப்பாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது இப்போதுதான் அவருக்குப் புரிந்தது. நெஞ்சில் சுருக்கென்று தைத்தது.

"நான் பாத்தது கால்," என்றார் சிஸ்டரம்மா. "பாலத்துல ஏறுறதுக்கு முன்னாடி பாத்தேன். கால்ல நின்னுச்சு. ஆனா நான் பாத்ததா நினைச்சுக்கறேனா, நெஜமாவே பாத்தேனா, அது எனக்கு தெரிஞ்சாகணும். இல்லாததை பாக்கற அளவுக்கு என் தலை போயிருச்சுன்னா சாவியை அவன் கேக்க வேண்டாம், நானே குடுத்துடுவேன். எத்தனை பேஷண்ட்டை பாத்திருக்கேன். அந்த நிலைமையில ஒருத்தர் வண்டி ஓட்டக் கூடாது. அதான் கேக்கறேன். இன்னொரு தடவை பாக்கறீங்களா?"

குரலில் நடுக்கம் இல்லை. கைகள்தான் மடியில் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன.

"எல்லாத்தையும் பாத்துட்டேன் சிஸ்டரம்மா" என்று முள்ளுக்காரர் இழுத்தார். இழுத்துப் பேசுவது அவருக்கு வழக்கமில்லை.

"வெப்ப முள்ளையும் பாத்தீங்களா?"

"அது எதுக்கு?"

"அதுவும் கொஞ்ச நாளா நடுவுக்கு மேலேயே நிக்குது. ரெண்டு முள்ளும் மேலே. ரேடியேட்டர்ல தண்ணி சரியா இருக்கு, இன்ஜின் ஒண்ணும் கொதிக்கல. வார்டுல ரெண்டு பேஷண்ட்டுக்கு ஒரே நேரத்துல ஒரே மாதிரி காய்ச்சல் ஏறுச்சுன்னா நான் முதல்ல தெர்மாமீட்டரைத்தான் உதறிப் பாப்பேன்."

முள்ளுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் மீட்டர் பலகைக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு தகர டப்பா உண்டு. பேட்டரியின் கரண்ட் ஏறி இறங்கும். அதை அப்படியே முள்ளுக்கு விடாமல், அளவாகக் குறைத்து ஒரே சீராகக் கொடுப்பது அந்த டப்பாவின் வேலை. அது கெட்டால் இரண்டு முள்ளும் சேர்ந்து பொய் சொல்லும். பெட்ரோல் மீட்டரைப் பார் என்று மகன் சொன்னார், அவர் பெட்ரோல் மீட்டரைப் பார்த்தார். பக்கத்து மீட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அந்த டப்பா போயிருந்தா நான் ஊத்தின பெட்ரோலுக்கு முள்ளு எப்படி சரியா காட்டுச்சு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

தையல் மெஷின் பக்கத்திலிருந்து மனைவியின் குரல் வந்தது. "ஏங்க, நீங்க ஓடுற வண்டியில உக்காந்து பாத்தீங்களா?"

அவர் வாசலில் நின்ற சைக்கிளைப் பார்த்தார். அவளுக்குப் பதில் தெரியும்.

விடுமுறை நாளன்று மகன் வண்டியைக் கொண்டுவந்தார், அம்மாவும் கூட வந்தார். வருகிற வழியில் அவர்களுக்குள் பேச்சு முடிந்திருந்தது போலிருக்கிறது. இறங்கியதும் மகன் அதைச் சொன்னார்.

"அண்ணே, இதுதான் கடைசி. இதுலயும் மீட்டர் சரியா இருந்தா அம்மா இனிமே ஓட்ட மாட்டாங்க. அவங்களே ஒத்துக்கிட்டாங்க."

"ஒத்துக்கிட்டேன்," என்றார் சிஸ்டரம்மா.

முள்ளுக்காரர் டாங்கிலிருந்ததைக் கேனில் வடித்துக் காலி செய்தார். அடியில் தங்கும் அளவுக்குக் கொஞ்சம் மட்டும் திரும்ப ஊற்றினார். பலகையைக் கழற்றி முன்னால் இழுத்துவைத்துச் சாவியைப் போட்டார். முள் மெல்ல அசைந்து ஈக்கு ஒட்டினாற்போல் நின்றது. தகர டப்பாவிலிருந்து வரும் கரண்டை அளந்தார். அதுவும் கச்சிதம். மகன் பெருமூச்சு விட்டார். அதில் நிம்மதி இல்லை. தான் சொன்னது சரியாகப் போய்விடுமோ என்ற பயம்தான் அவருக்கும். சிஸ்டரம்மா கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார்.

முள்ளுக்காரர் பலகையை மாட்டி ஸ்க்ரூக்களை முடுக்கினார். மனைவி பக்கத்தில் வந்து நின்று ஒரு எலுமிச்சம்பழத்தை நீட்டினாள்.

"மூக்குல வச்சுக்கோங்க. ஏறுங்க."

"நான் எதுக்கு..."

"ஏறுங்கன்னா."

சிஸ்டரம்மா ஓட்டினார், முள்ளுக்காரர் முன் சீட்டில், மகன் பின்னால். அடுத்த தெருவுக்குள் நுழைவதற்குள்ளேயே முள்ளுக்காரருக்கு நெற்றியில் வேர்த்துவிட்டது. எலுமிச்சம்பழத்தை மூக்கோடு அழுத்திக்கொண்டு, வெளியே பார்க்காமல் மீட்டரை மட்டும் பார்த்தார். வெளியே பார்க்காமல் இருப்பது குமட்டலை அதிகமாக்கும். அது தெரிந்தும் கண்ணை எடுக்கவில்லை. முள் ஈயின் மேல் இருந்தது. வண்டி கடைத்தெருவைத் தாண்டி வேகம் பிடித்தது, இன்ஜின் சூடேறியது. முள் இருந்த இடத்தை விட்டு ஒரு மயிரிழை நகர்ந்த மாதிரி இருந்தது. தலை சுற்றலில் அப்படித் தெரிகிறது என்று நினைத்தார். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார். முள் ஏறிக்கொண்டிருந்தது. அவசரமே இல்லாமல், கூச்சநாச்சம் இல்லாமல் மேலே போய்க் காலில் நின்றது. வெப்ப முள்ளும் நடுவைத் தாண்டி அதற்குத் துணையாக எழுந்து நின்றது.

"தம்பி, முன்னாடி எட்டிப் பாருங்க," என்றார் முள்ளுக்காரர். வாயைத் திறப்பதே பெரும்பாடாக இருந்தது. "என்ன காட்டுது?"

மகன் இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டினார். டாங்கில் கொஞ்சமாக ஊற்றியதை அவரும் பக்கத்தில் நின்று பார்த்தவர்.

"கால்," என்றார் மகன். "அம்மா, கால் காட்டுதும்மா."

சிஸ்டரம்மா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் வண்டி ஓட்டிட்டிருக்கேன். நீ சொன்னா சரிதான்" என்றார்.

"நிறுத்துங்க," என்றார் முள்ளுக்காரர். "சீக்கிரம் நிறுத்துங்க சிஸ்டரம்மா."

மற்றதை விவரிக்க வேண்டாம். ரோட்டோரம் குனிந்து நின்றபோது அவர் நெற்றியை ஒரு கை தாங்கிப் பிடித்தது. எத்தனையோ நெற்றிகளைத் தாங்கிய கை, எங்கே அழுத்த வேண்டும் எவ்வளவு அழுத்த வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. முள்ளுக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்ததும் மகனைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

"தம்பி, அன்னிக்கி நான் சொன்னது தப்பு. அம்மா பாத்தது சரி."

திரும்பி வரும்போது அவர் வண்டியில் ஏறவில்லை, நடந்தே வந்தார். நடந்தது நல்லதாகப் போயிற்று. வழியில் மூளை வேலை செய்தது. பலகையை இழுத்தால் முள் உண்மை பேசுகிறது, மாட்டினால் பொய் பேசுகிறது. அப்படியானால் இழுக்கும்போது ஏதோ ஒன்று சேர்கிறது, மாட்டும்போது அது விலகுகிறது. டாக்டரைப் பார்த்ததும் ஓடிப்போகிற காய்ச்சலை டாக்டர் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு தடவையும் அவர் பார்க்கிற சாக்கில் அதைக் குணப்படுத்திக் குணப்படுத்தி விட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

கடைக்கு வந்ததும் பலகையைத் தொடவில்லை. சீட்டில் மல்லாந்து படுத்து, கால் இரண்டும் கதவுக்கு வெளியே தொங்க, தலையைப் பெடல்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் டார்ச்சை அடித்துக் கீழேயிருந்து பார்த்தார். ஒயர்களுக்கு நடுவில் தகர டப்பா தெரிந்தது. அதை வண்டியின் இரும்போடு பிணைக்கிற ஸ்க்ரூவைக் காணோம், எந்தக் காலத்தில் விழுந்ததோ. டப்பா ஒயர்களைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. அதற்கும் பின்னால் இருந்த இரும்புத் தகட்டுக்கும் நடுவில் வெள்ளையாக ஏதோ இருந்தது.

விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். பிளாஸ்டர். புண்ணுக்குப் போடுகிற பிளாஸ்டர். கத்தரிக்கோலால் ஓரம் பிசிறில்லாமல் சதுரமாக வெட்டி, இரண்டு மடிப்பாக வைத்து ஒட்டியிருந்தது. ஒரு மூலையை மட்டும் ஒட்டாமல் உள்ளே மடித்து விட்டிருந்தது, பிறகு உரிக்கும்போது வலிக்காமல் சுலபமாகப் பிடித்து இழுக்க. ஊரில் எந்த மெக்கானிக்கும் அப்படி மூலை மடிக்க மாட்டான்.

முள்ளுக்காரர் படுத்தபடியே வெளியே பார்த்தார். கதவுக்கு வெளியே மகனின் ஷூக்கள் தெரிந்தன. அதற்குப் பக்கத்தில் சிஸ்டரம்மாவின் செருப்புகள். இப்போதுதான் அந்த ஷூவும் செருப்பும் ஒன்றுக்கொன்று சமாதானமாக நிற்கின்றன. பிளாஸ்டரைக் காட்டினால் மகன் என்ன சொல்வார்? நீயே ஒட்டினது உனக்கே ஞாபகம் இல்லையேம்மா என்பார். பீரோ மறுபடி பூட்டிக்கொள்ளும். அவர் மூலையைப் பிடித்து இழுத்தார். சத்தமில்லாமல் வந்துவிட்டது. அதைக் கைக்குள் மூடிக்கொண்டார். மனைவியின் துணிக்குள் ஒளிந்திருந்த பொடி ஸ்க்ரூக்களில் ஒன்றை வாங்கி டப்பாவை இறுக்கி மாட்டினார். பிறகு வெளியே வந்தார்.

"எர்த்து பிடிக்கல. அவ்வளவுதான். ஸ்க்ரூ போட்டாச்சு, சரியாயிடுச்சு."

மகன் தலையை ஆட்டினார். சிஸ்டரம்மா விடவில்லை. "எர்த்துன்னா என்ன தம்பி?"

"உள்ள ஒரு சின்ன தகர டப்பா இருக்கு சிஸ்டரம்மா. அதோட உடம்பு வண்டியோட இரும்பை தொட்டுக்கிட்டே இருக்கணும். தொட்டாத்தான் அளவா கரண்ட் விடும். தொடலைன்னா அப்படியே முழுசா விட்டுடும், முள்ளு தாறுமாறா ஏறும். நான் பலகையை இழுத்தப்பல்லாம் அது சாஞ்சு இரும்புல பட்டிருக்கு. அதான் எனக்கு டிமிக்கி குடுத்திருக்கு."

"மாட்டினா ஏன் படல?"

"நடுவுல... ஏதோ தூசு, துரு."

மூடியிருந்த கையை அவர் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அப்படிக் கொண்டுபோவதை மனைவி பார்த்துவிட்டாள். சிஸ்டரம்மா அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்துக்கொண்டு முழுங்கிவிட்டேன் என்று சொல்கிறவர்களை முப்பது நாற்பது வருஷம் பார்த்த கண்கள் அவை.

"அது வெள்ளையா இருந்துச்சா?" என்று கேட்டார்.

முள்ளுக்காரர் தரையைப் பார்த்தார்.

"இந்த மழைக்காலம் ஆரம்பிச்சப்ப," என்று சிஸ்டரம்மா மகன் பக்கம் திரும்பிச் சொன்னார், "டேஷ்போர்டுக்குள்ள கடகடன்னு ஒரு சத்தம். மேடு பள்ளத்துல ஏறி இறங்கினா உயிரை வாங்கும். உன்கிட்ட ரெண்டு தடவை சொன்னேன், ஞாயித்துக்கிழமை பாக்கறேன்னே. நீ பாக்கல. காய்கறி வாங்கிட்டு வந்து வண்டியை நிறுத்தினப்ப நானே அடியில கை விட்டு துழாவினேன். ஒரு சின்ன டப்பா ஆடிக்கிட்டு இருந்துச்சு. கைப்பையில பிளாஸ்டர் இருந்துச்சு. வெட்டி ரெண்டா மடிச்சு நடுவுல வச்சேன், ஆட்டம் நின்னுடுச்சு. மூலையை மடிச்சு விட்டேன், யாராவது எடுக்கணும்னா நகத்தை வச்சு கஷ்டப்படக் கூடாதேன்னு. சத்தம் நின்னதுல எனக்கு அவ்வளவு பெருமை. சத்தத்துக்கும் முள்ளுக்கும் சம்பந்தம் இருக்கும்னு யார் கண்டா?"

கையை நீட்டினார். கையும் களவுமாகப் பிடிபட்ட முள்ளுக்காரர் அசடு வழியத் தன் கையைத் திறந்தார். கசங்கிப்போன பிளாஸ்டர் அவர் உள்ளங்கையிலிருந்து சிஸ்டரம்மாவின் உள்ளங்கைக்குப் போனது. மூலை மடிப்பு அப்படியே இருந்தது.

"ஸ்க்ரூ விழுந்த பிறகு டப்பா ஆடி ஆடி இரும்புல மோதினதுதான் அந்த சத்தம்," என்றார் முள்ளுக்காரர் மெதுவாக. "அந்த மோதல்லதான் முள்ளு ஓரளவு சரியா இருந்திருக்கு. நீங்க சத்தத்தை நிறுத்தினீங்க, எர்த்து போயிடுச்சு."

மகன் பிளாஸ்டரையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று முள்ளுக்காரர் நினைத்தார். மகனுக்கு முதலில் தோள்தான் குலுங்கியது, பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியிலேயே வேறு மாதிரி ஆகி, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை பாக்கறேன்னு நான் சொன்னேனாம்மா?"

"சொன்னே. உன் சட்டையில மேல் பட்டன் அறுந்திருந்துச்சு அன்னிக்கி."

"எனக்கு சுத்தமா ஞாபகமில்லம்மா."

"வயசாகுதுல்ல," என்றார் சிஸ்டரம்மா.

முள்ளுக்காரரின் மனைவி மெஷின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். மகன் பாக்கெட்டைத் தடவி ஒரு சாவியை எடுத்தார், பீரோ சாவியோடு சேர்த்துக் கோத்திருந்த வண்டிச் சாவியை. வளையத்திலிருந்து அதைப் பிரிக்க முடியாமல் நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தார். சிஸ்டரம்மா அதை வாங்கி ஒரே திருகலில் பிரித்து, பீரோ சாவியைத் திருப்பிக் கொடுத்தார்.

"அடுப்பை அணைக்காம போனது நெஜம்தான்டா," என்றார். "அதை இல்லேன்னு சொல்ல மாட்டேன். இனிமே கதவைப் பூட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேளு. கோவிச்சுக்க மாட்டேன். ஆனா நான் பாத்ததை பாக்கலேன்னு மட்டும் சொல்லாதே."

"சொல்ல மாட்டேம்மா."

முள்ளுக்காரர் பலகையைத் தொடவேயில்லை. இந்தத் தடவை வண்டியை ஓடவிட்டு, பலகை மூடியபடியே காத்திருந்து பார்த்தார். முள் ஈயை விட்டு அசையவில்லை. கேனில் மிச்சமிருந்ததை ஊற்றினார்கள். முள் எழுந்து, ஊற்றிய அளவுக்கு வந்து நின்றது. சிஸ்டரம்மா ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார், மகன் பக்கத்துச் சீட்டுக்குப் போனார். போகும்முன் கண்ணாடியை இறக்கி, வீட்டில் கொண்டுபோய் விடட்டுமா என்று சிஸ்டரம்மா கேட்டார். முள்ளுக்காரர் அவசரமாகச் சைக்கிளைக் காட்டினார். வண்டி சத்தமில்லாமல் தெருமுனையில் திரும்பியது. கடகட என்று ஒரு ஒலியும் அதிலிருந்து வரவில்லை.

அவர் உள்ளே வந்து தன் பாதி மேஜையில் உட்கார்ந்தார். மனைவி நூலைப் பல்லில் கடித்துக்கொண்டே கேட்டாள்.

"என்னங்க, முள்ளு பொய் சொல்லாதுன்னு சொல்லுவீங்களே."

முள்ளுக்காரர் எலுமிச்சம்பழத்தை எடுத்து ஒரு தடவை முகர்ந்தார்.

"முள்ளு பொய் சொல்லுச்சு. நானும் சொன்னேன். சிஸ்டரம்மா மட்டும் சொல்லல."